இதர செலவு

திட்ட வரைவில் பதினொரு பத்தி.
இனம், எண்ணிக்கை, அச்சுறுத்தல்,
எடுக்க வேண்டிய நடவடிக்கை, பொறுப்பு அலுவலர், தொகை
என்று போய்
கடைசியில் இதர செலவு.
அதை யாரும் நிரப்புவதில்லை,
ஒரு சின்னக் கோடு இழுத்து விட்டுவிடுவோம்.

இனம்: தேவாங்கு.
மேலூர் பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
கை கால் குச்சி, முகம் முழுக்கக் கண்.
இப்போது அதே பெயரால்
மாதம் பதினாறாயிரம், ஒப்பந்தம் மார்ச் வரை.

எண்ணிக்கை எடுத்தது மார்கழியில்.
விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்பு ஜிகினாத்தாளை
டார்ச்சில் சுற்றிக்கொண்டு
அழகர்மலை அடிவாரத்தில் ஒன்பது இரவு.
வேட்டைத் தடுப்புக் காவலர் பெரியபுள்ளான் முன்னே,
காலில் முள் வாங்கியபடி நான் பின்னே.
உசிலை இலைக்குள் இரண்டு கங்கு தெரிந்தால் ஒன்று.
அவிந்து, தள்ளிப்போய் மறுபடி எரிந்தால்
அதுவேதானா வேறா என்று
கிசுகிசுத்தே சண்டை போடுவோம்.
ரோட்டுக்கு வடக்கே முப்பத்தொன்று.
தெற்கே நான்கு.

அச்சுறுத்தல்: அந்த ரோடுதான்.
குவாரி லாரிக்காக அகலமாக்கியபோது
இருபக்கப் புளியமரமும் போனது.
தேவாங்கு தாவாது.
ஒரு கை பற்றிய பிறகே மறுகை விடும்.
கிளை முடிந்தால் இறங்கும்,
இறங்கினால் லாரி.

ஏழு கயிற்றுப் பாலம் கேட்டோம்.
கலெக்டர் ஆபீஸில், சமோசா வருவதற்கு முன்,
ஏழு ஒன்றானது.
"முதல்ல ஒண்ணு கட்டிக் காட்டுங்கம்மா."
எங்கே கட்டுவது என்று மூன்று வாரம்
வரைபடத்தின் மேல் படுத்துக் கிடந்தேன்.
தேங்காய்நார்க் கயிறு, மூங்கில், இரண்டு இரும்புக் கம்பம்.
ரேஞ்சர் ரிப்பன் வெட்டினார்.
கேமரா வைத்தோம்.

ஆறு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படம்.
அணில். அணில். கரிச்சான். அணில்.
நடுப்பாலத்தில் தூங்கும் பூனை, பதினான்கு முறை.
யாரோ எறிந்த செருப்பு.

ஆவணியில் ஒரு ராத்திரி
கேமராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.
பெரியபுள்ளான் என் தோள்பையை இழுத்தார்.
பாலத்தில் இல்லை.
நாற்பதடி கிழக்கே, கேபிள் டிவி வயரில்
தலைகீழாகத் தொங்கியபடி
ஒவ்வொரு விரலாக யோசித்து
போய்க்கொண்டிருந்தது.
வயிற்றில் குட்டி.
கீழே லாரி போனதும் வயர் ஆடியது.
ஆடி அடங்கும்வரை நின்றது.
பிறகு போனது.
நாங்கள் எந்தப் படமும் எடுக்கவில்லை,
கேமராவின் வயிறு என் கையில் திறந்திருந்தது.

காலையில் வயரைப் பிடித்துக்கொண்டே போனோம்.
வடக்கே ஒரு வேம்பு.
தெற்கே அழகுமீனா வீடு, பூட்டியிருந்தது,
குடும்பமாகத் திருப்பூர் போய் இரண்டு வருஷம்.
டிவியையும் விற்றுவிட்டார்களாம்.

கேபிள்கார வீரணன் சொன்னான்:
"பாக்கி ஏறிப்போச்சுக்கா. அடுத்த வாரம் வயரச் சுருட்டிருவேன்."
சுருட்டாதே என்றேன்.
"அங்க யாரு பாக்குறா?"
சொன்னேன்.
வெகுநேரம் வயரையே பார்த்துக்கொண்டிருந்தவன்
தொழில்முறையில் கேட்டான்:
"எந்த பேக்கேஜு? ஸ்போர்ட்ஸ் வேணுமா?"
"இலவசச் சேனல் போதும்" என்றார் பெரியபுள்ளான்.

திருத்திய வரைவில் இதர செலவு:
கேபிள் கட்டணம், மாதம் நூற்றெண்பது.
ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை,
மாட்டி ஒருமுறை படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஆடிட்டில் கேள்வி வந்திருக்கிறது:
பயனாளி ஒப்பம் பெறப்படவில்லை, விளக்கம் தருக.
பதிலுக்குப் பத்து நாள்.
என் ஒப்பந்தத்துக்கு இன்னும் ஆறு.

விஷயம் கேள்விப்பட்ட வீரணன்
ஏப்ரல், மே, ஜூன் ரசீதுகளைக் கிழித்துக் கொடுத்தான்.
பெயர் எழுதும் இடத்தை
காலியாகவே விட்டிருந்தான்.